பொதுச் சுகாதார அவசரகாலத்தில் அரசின் பணக் கொடுப்பனவு: கொழும்புவாசிகளின் கேள்விகளும் பதில்களும்

கொவிட் காலத்தில் குடும்பங்களுக்கு வழங்கப்பட்ட 5,000 ரூபாய்க் கொடுப்பனவைப் பற்றி இன்றும் கேள்விகள் எழுகின்றன. அடுத்த தொற்றின்போது அதே வழியில் பணம் வருமா, கடந்த முறை விடுபட்டவர்களுக்கு இம்முறை கிடைக்குமா என்பதே அவற்றுள் பெரும்பாலானவற்றின் உட்பொருள். கொட்டாஞ்சேனை, முகத்துவாரம், மட்டக்குளி, வாழைத்தோட்டம், வெள்ளவத்தை எனத் தமிழ் பேசுவோர் செறிந்து வாழும் பகுதிகளை மனத்தில் வைத்து இப்பதில்கள் எழுதப்பட்டுள்ளன.

கொவிட் காலத்தில் கொழும்பில் எந்தெந்தக் கொடுப்பனவுகள் வழங்கப்பட்டன?

2020 மார்ச் 11 ஆம் திகதி இலங்கையர் ஒருவருக்கு, அவர் சுற்றுலா வழிகாட்டி ஒருவர், நாட்டுக்குள்ளேயே தொற்று ஏற்பட்டமை உறுதியானது. மார்ச் 20 ஆம் திகதி மாலை நாடு முழுவதும் ஊரடங்கு விதிக்கப்பட்டது. அன்றன்று உழைத்து அன்றன்று உண்ணும் குடும்பங்களின் வருமானம் அந்த மாலையோடு நின்றது. ஏப்ரல் மாதத்தில் முதற் கொடுப்பனவாக 5,000 ரூபாயும், மே மாதத்தில் இரண்டாவதாக அதே தொகையும் வழங்கப்பட்டன. அரசின் வறுமை நிவாரணத் திட்டமான சமுர்த்தியின் பயனாளிகள், அதற்கு விண்ணப்பித்துக் காத்திருப்போர் பட்டியலில் இருந்தவர்கள், முதியோர் கொடுப்பனவு பெறுவோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர்கள், வாழ்வாதாரம் இழந்த ஏனைய குறைந்த வருமானக் குடும்பங்கள் ஆகியோர் இதில் அடங்கினர்.

2020 ஒக்டோபரில் மினுவாங்கொடை ஆடைத் தொழிற்சாலையிலும் அதன்பின் பேலியகொடை மீன் சந்தையிலும் தொற்றுக் கொத்தணிகள் உருவானபோது, கொழும்பு வடக்கின் பெரும் பகுதி வாரக்கணக்கில் முடக்கப்பட்டது. அந்தக் கட்டத்தில் முடக்கப்பட்ட பகுதிகளின் குறைந்த வருமானக் குடும்பங்களுக்கு 5,000 ரூபாயும், வீட்டிலேயே 14 நாள் தனிமைப்படுத்தப்பட்ட குடும்பங்களுக்கு இரு தவணைகளாக 10,000 ரூபாய் பெறுமதியான உலர் உணவுப் பொதிகளும் என அறிவிக்கப்பட்டது. 2021 ஏப்ரலில் சித்திரைப் புத்தாண்டை ஒட்டியும், மே 21 முதல் ஜூன் 21 வரையான பயணக் கட்டுப்பாட்டுக் காலத்திலும் மீண்டும் 5,000 ரூபாய் அறிவிக்கப்பட்டது. கடைசியாக, 2021 ஓகஸ்ட் 20 முதல் ஒக்டோபர் 1 வரை நீடித்த ஊரடங்கின்போது, வேறு எந்த அரச உதவியும் பெறாத, வருமானம் இழந்த குடும்பங்களுக்கு 2,000 ரூபாய் என்றானது. ஏறத்தாழ ஒன்றரை ஆண்டில் தொற்று பன்மடங்காகப் பெருகிற்று. தொகையோ 5,000 இலிருந்து 2,000 ஆகச் சுருங்கிற்று. திறைசேரியின் நிலைமை அப்போதே எப்படி இருந்தது என்பதை இந்த ஒரு மாற்றத்திலிருந்தே வாசித்துவிடலாம்.

இது கடனா, நன்கொடையா? பின்னர் திருப்பிக் கேட்பார்களா?

2020 மார்ச்சில் சமுர்த்திக் குடும்பங்களுக்கான உதவி முதலில் 10,000 ரூபாய் வட்டியில்லா முற்பணம் என்றே அறிவிக்கப்பட்டது. குழப்பம் அங்கேதான் தொடங்கியது. பின்னர் 5,000 ரூபாய் மானியமாகவே வழங்கப்பட்டது. மானியமாகப் பெற்றதை எவரும் திருப்பிச் செலுத்த வேண்டியதில்லை.

இக்கொடுப்பனவைப் பெறுவது சட்டப்படியான உரிமையா?

இல்லை என்பதே நேரான பதில். தொற்றுக் காலத்தில் நடமாட்டத்தைத் தடுப்பதற்கும் வீடுகளைத் தனிமைப்படுத்துவதற்கும் அரசுக்குச் சட்டம் கையில் இருந்தது: 1897 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கத் தனிமைப்படுத்தல் மற்றும் நோய்த் தடுப்புக் கட்டளைச் சட்டம். நூறாண்டுகளுக்கு மேற்பட்ட அந்தச் சட்டம் வீட்டுக் கதவை மூட அதிகாரம் அளிக்கிறது. அக்கதவுக்குப் பின்னால் இருப்பவருக்கு மாதம் இவ்வளவு தொகை தரப்பட வேண்டும் என்று கட்டாயப்படுத்தும் சட்டம் எதுவும் அதற்கு இணையாக இருக்கவில்லை. கொடுப்பனவுகள் அனைத்தும் தீர்மானங்களாலும் சுற்றறிக்கைகளாலும் நடந்தன. சுற்றறிக்கை ஒன்றை இன்னொரு சுற்றறிக்கை திருத்திவிட முடியும், திருத்தியும் வந்தது. திங்கட்கிழமை தகுதியுடையவராக இருந்தவர் வியாழக்கிழமை தகுதியற்றவராக ஆனதற்கு உத்தியோகத்தரின் மனமாற்றத்தைவிட இதுவே பெரிய காரணம்.

இன்னொரு பின்னணியையும் இங்கே குறிப்பிட வேண்டும். 2020 மார்ச் 2 ஆம் திகதி பாராளுமன்றம் கலைக்கப்பட்டிருந்தது. ஏப்ரல் 25 ஆம் திகதிக்குக் குறிக்கப்பட்ட பொதுத் தேர்தல், தொற்றின் காரணமாக இருமுறை தள்ளிப்போய் ஓகஸ்ட் 5 ஆம் திகதியே நடைபெற்றது. ஆகவே முதல் இரண்டு கொடுப்பனவுகளும் வழங்கப்பட்டபோது, நிதியை விவாதித்து அனுமதிக்கவோ, யார் விடுபட்டார்கள் என்று அமைச்சரை எழுந்து நின்று கேட்கவோ பாராளுமன்றம் இருக்கவில்லை. அரச செலவுக்குத் தற்காலிக அனுமதி தந்த இடைக்காலக் கணக்கறிக்கை ஏப்ரல் 30 ஆம் திகதியுடன் முடிவடைந்தபின், அரசியலமைப்பின் 150(3) ஆம் உறுப்புரையின்கீழ், அரச வருமானம் சேரும் திரட்டு நிதியத்திலிருந்து ஜனாதிபதி செலவிட முடியுமா என்பது அக்காலத்தில் பெரும் சர்ச்சையாக இருந்தது. முறைப்பாடு செய்ய இடமின்றிப் பலர் அலைந்ததற்கும் இந்த வெற்றிடத்துக்கும் தொடர்பு உண்டு என்பது எமது கருத்து.

யார் பெற வேண்டும் என்பதை யார் தீர்மானித்தார்கள்?

கொழும்பு மாநகரம் கொழும்பு, திம்பிரிகஸ்யாய என இரண்டு பிரதேச செயலகப் பிரிவுகளைக் கொண்டது. ஒவ்வொன்றும் கிராம உத்தியோகத்தர் பிரிவுகளாகப் பிரிக்கப்பட்டுள்ளது. மாநகரத்தின் நடுவில் இருந்தாலும் பதவியின் பெயர் கிராம உத்தியோகத்தர்தான். மக்கள் பேச்சில் இன்னும் கிராம சேவகர். அவரும் சமுர்த்தி அபிவிருத்தி உத்தியோகத்தரும் சேர்ந்து பெயர்ப் பட்டியலைத் தயாரித்துப் பிரதேச செயலகத்துக்கு அனுப்பினார்கள். பணமும் பெரும்பாலும் அவர்கள் கையாலேயே வந்தது.

அடிப்படைப் பட்டியல் என்பது ஏற்கெனவே இருந்த சமுர்த்திப் பட்டியலே. 1995 இல் தொடங்கப்பட்ட சமுர்த்தித் திட்டம், குடும்ப அங்கத்தவர் எண்ணிக்கையைப் பொறுத்து மாதம் 420 முதல் 3,500 ரூபாய் வரை வழங்கிவந்தது. அப்பட்டியலில் ஒருமுறை சேர்ந்தவர் வெளியேறுவதும் அரிது, வெளியே நின்றவர் உட்புகுவதும் அரிது என்ற குறை தொற்றுக்கு வெகு காலம் முன்பே பேசப்பட்டது. அதிலும் அது கிராமப்புற வறுமையைக் கண்டுகொள்ளும் அளவுக்கு நகர வறுமையைக் கண்டுகொள்வதில்லை. புறக்கோட்டையில் மூட்டை சுமக்கும் நாட்டாமை, ஐந்தாம் குறுக்குத் தெருக் கடைச் சிப்பந்தி, நடைபாதை வியாபாரி, முச்சக்கரவண்டிச் சாரதி, வீட்டு வேலைக்குச் செல்லும் பெண் ஆகியோர் சாதாரண மாதமொன்றில் வறியவராகக் கணிக்கப்படமாட்டார்கள். கையில் தினமும் காசு புழங்கும். ஊரடங்கு அந்தக் காசை ஒரே இரவில் நிறுத்தியது. புதிதாக வறியவரானவரைப் பழைய வறியவர் பட்டியலில் தேடினால் எப்படிக் கிடைப்பார்? கொழும்பில் நிகழ்ந்த பெரும்பாலான விடுபடல்களின் வேர் இதுதான்.

நான் கொட்டாஞ்சேனையில் வாடகை அறையில் வசிக்கிறேன். என் பெயர் ஹட்டனில் உள்ள வாக்காளர் இடாப்பில் இருக்கிறது. எங்கே விண்ணப்பிக்க வேண்டும்?

இந்தக் கேள்வியைக் கேட்பவர் ஒருவரல்லர். மலையகத்திலிருந்தும் வடக்கு, கிழக்கிலிருந்தும் வந்து கொழும்பில் வேலை செய்வோர் பலர் தங்கள் பெயரை ஊரிலேயே வைத்திருப்பார்கள். வாக்களிக்க ஊருக்குப் போவது ஒரு காரணம். வாடகை வீட்டின் முகவரியில் குடியிருப்பாளரைப் பதிவதற்கு வீட்டு உரிமையாளர் தயங்குவது, அதாவது பின்னாளில் வீட்டைவிட்டு எழுப்ப முடியாமற் போய்விடுமோ என்று அஞ்சுவது, இன்னொரு காரணம். விளைவு என்னவென்றால், கொழும்புக் கிராம உத்தியோகத்தர் “உங்கள் பெயர் என் பிரிவில் இல்லை, ஊரில் கேளுங்கள்” என்பார்; ஊரிலுள்ளவர் “நீங்கள் இங்கே வசிப்பதில்லையே” என்பார். இரண்டு கூற்றும் உண்மை. இரண்டுக்கும் நடுவில் நின்றவர் மாவட்ட எல்லை கடக்க முடியாத ஊரடங்கில், வாடகையும் செலுத்த முடியாமல், ஒன்றும் பெறாமல் இருந்தார்.

கொடுப்பனவு வதிவிடத்தைக் கொண்டே வழங்கப்படுவதால், நீங்கள் உண்மையில் வசிக்கும் பிரிவிலேயே விண்ணப்பிக்க வேண்டும். வாக்காளர் இடாப்பு வதிவிடத்துக்குரிய சான்றுகளில் ஒன்று. ஒரே சான்று அன்று. வாடகை ஒப்பந்தம், உங்கள் பெயருக்கு அந்த முகவரிக்கு வந்த வங்கிக் கடிதம், பிள்ளையின் பாடசாலை அனுமதிப் பத்திரம், தொழில் வழங்குநரின் கடிதம், சிகிச்சை நிலையக் குறிப்பேடு ஆகியவற்றை வைத்தும் வதிவிடத்தைக் காட்ட முயலலாம். ஆனால் இதையெல்லாம் ஊரடங்கு நாளில் தேடத் தொடங்கினால் பயனில்லை. வாக்காளர் இடாப்பு ஆண்டுதோறும் திருத்தப்படுகிறது. அவ்வேளையில் கொழும்பு முகவரியில் பதிந்துகொள்வதா, ஊரிலேயே இருப்பதா என்பதை நீங்கள்தான் தீர்மானிக்க வேண்டும். ஊர்ப் பெயரை இழக்க விரும்பாதவர்கள் குறைந்தபட்சம் கிராம உத்தியோகத்தரிடம் நேரில் சென்று தமது குடும்ப விபரத்தைப் பிரிவின் பதிவில் சேர்க்குமாறு எழுத்தில் கோரி, அதன் பிரதியைத் திகதியுடன் வைத்திருப்பது நல்லது. தன் பிரிவின் உத்தியோகத்தர் யார், அலுவலகம் எங்கே என்று தெரியாத கொழும்புவாசிகள் மிகப் பலர். கிராமத்தில் இப்படி ஒரு நிலையைக் கற்பனை செய்வதே கடினம்.

எங்கள் தோட்டத்தில் ஒரே வீட்டிலக்கத்தில் மூன்று குடும்பங்கள் இருக்கிறோம். ஒரு கொடுப்பனவுதானா?

கொழும்பில் தோட்டம் என்றால் தேயிலைத் தோட்டம் அன்று, நெருக்கமான குடியிருப்பு வரிசை என்பதை வெளியூர் வாசகர்களுக்காகச் சொல்லிவிடுகிறோம். தோட்டங்களிலும் தொடர்மாடிகளிலும் பெற்றோரும், மணமுடித்த பிள்ளைகளும், சில வேளை வாடகைக்கு ஒரு அறையில் இருப்பவரும் ஒரே இலக்கத்தின்கீழ் வாழ்வது சாதாரணம். கொடுப்பனவோ குடும்பத்துக்கு ஒன்று. ஒரு வீட்டிலக்கத்தை ஒரு குடும்பமாகக் கணித்துவிட்டால், பதினொரு பேருக்கும் 5,000, தனியாக வாழும் இருவருக்கும் 5,000 என்றாகிவிடுகிறது.

குடித்தொகைக் கணிப்பில் பின்பற்றப்படும் வழக்கமான அளவுகோல், சமையலும் உணவும் பொதுவா தனியா என்பதே. தனி அடுப்பு வைத்திருக்கும் குடும்பம் தனக்கெனத் தனிப் பதிவைக் கோர நியாயம் உண்டு. அவ்வாறு பிரிந்திருப்பதைப் பதிவிற் காட்டாமல், உதவி வரும் நாளில் மட்டும் “நாங்கள் வேறு குடும்பம்” என்றால் உத்தியோகத்தர் ஐயுறுவதைக் குறை சொல்லவும் முடியாது.

கணவர் பிரிந்து சென்றுவிட்டார். பதிவில் குடும்பத் தலைவராக அவர் பெயரே உள்ளது. பணம் யாருக்குச் சேரும்?

குடும்பத்துக்குத் தரப்படும் எந்தப் பணத்திலும் இந்தச் சிக்கல் உண்டு. யப்பான் 2020 இல் நாட்டில் பதிவுபெற்ற ஒவ்வொருவருக்கும் 1,00,000 யென் வழங்கியபோதும் முழுக் குடும்பத்தின் தொகையும் குடும்பத் தலைவரின் கணக்குக்கே சென்றதால், வன்முறைக்கு அஞ்சி வீட்டைவிட்டு வெளியேறிய பெண்களுக்கெனத் தனி ஏற்பாடு செய்ய வேண்டி வந்தது. கொழும்பில் அப்படியொரு தனி வழி அமையவில்லை. பணம் கையில் கொடுக்கப்பட்டதால், வீட்டில் இருந்தவர் கையொப்பமிட்டுப் பெற்றுக்கொண்ட இடங்களில் பிரச்சினை எழவில்லை. கணவர் வேறொரு பிரிவில் தனக்கெனப் பதிந்து பெற்றிருந்த இடங்களில்தான் எழுந்தது. பதிவில் உங்களைக் குடும்பத் தலைவியாக மாற்றுமாறு கிராம உத்தியோகத்தரிடம் எழுத்தில் கோருங்கள். பொலிஸ் முறைப்பாட்டுப் பிரதியோ, பராமரிப்பு வழக்கின் ஆவணமோ இருந்தால் இணையுங்கள். பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தர் பிரதேச செயலகத்திலேயே இருப்பார், அவர் உதவியையும் நாடலாம்.

5,000 ரூபாய் ஒரு குடும்பத்துக்குப் போதுமாக இருந்ததா?

தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் 2019 ஆம் ஆண்டின் குடும்ப வருமான, செலவின ஆய்வை வைத்துக் கணித்த உத்தியோகபூர்வ வறுமைக் கோடு, ஓர் ஆளுக்கு மாதம் 6,966 ரூபாய். அதாவது முழுக் குடும்பத்துக்கும் தரப்பட்ட தொகை, ஒரேயொருவர் வறுமைக் கோட்டைத் தொடுவதற்கே எட்டாதது. அதே வேளை, நான்கு அல்லது அதற்கு மேற்பட்டோர் கொண்ட சமுர்த்திக் குடும்பம் அதுவரை மாதம் பெற்றுவந்த உச்சத் தொகையே 3,500 ரூபாய் என்பதையும் மறக்கலாகாது. வழக்கமான உதவியோடு ஒப்பிட்டால் பெரிய தொகை. வாடகை, மின்கட்டணம், பால்மா, மருந்து என்று காசு கொடுத்தே எல்லாம் வாங்க வேண்டிய கொழும்பு வாழ்க்கையோடு ஒப்பிட்டால் சிறிய தொகை. கிராமத்தில் ஒரு பலாக்காயாவது கிடைக்கும். தொடர்மாடியின் ஏழாம் மாடியில் அதுவும் இல்லை.

பணத்துக்குப் பதிலாகப் பொருளாகவே தந்திருக்கலாம் அல்லவா?

தனிமைப்படுத்தப்பட்ட வீடுகளுக்குப் பொருளே தரப்பட்டது, அது சரியானதும்கூட. வாசலைத் தாண்ட முடியாதவருக்குக் காசு கொடுத்து என்ன பயன்? மற்றவர்களைப் பொறுத்தவரை, கடை திறந்திருந்து சரக்கும் இருக்குமானால் பணமே மேல் என்பது எமது கருத்து. நீரிழிவு நோயாளிக்குச் சீனியும், கைக்குழந்தை உள்ள வீட்டுக்குப் பருப்பும் பொதியில் வந்தன. அவர்களுக்குத் தேவைப்பட்டது மாத்திரையும் பால்மாவும்.

ஆனால் அந்த “கடை திறந்திருந்தால்” என்பது சிறிய நிபந்தனை அன்று. 2020 மார்ச் நடுப்பகுதியில் ஒரு கிலோ பருப்பு 65 ரூபாய், பெரிய டின் மீன் 100 ரூபாய் என அரசு உச்சவரம்பு விலை அறிவித்தது. வாங்கிய விலைக்கும் கீழே விற்க விரும்பாத வியாபாரிகள் சரக்கை வெளியே எடுக்கவில்லை. டின் மீன் பல கடைகளின் தட்டுகளிலிருந்து மறைந்தது. ஏப்ரல் முடிவில் அந்த விலைக் கட்டுப்பாடு விலக்கப்பட்டது. குடும்பங்களின் கையில் பணம் கொடுப்பதும், சந்தையில் பொருள் இருக்கச் செய்வதும் சேர்ந்து நடக்காவிட்டால் முதலாவது வீணாகிவிடும்.

வங்கி வழியாகவோ கைத்தொலைபேசி வழியாகவோ ஏன் அனுப்பவில்லை?

சமுர்த்திப் பயனாளிகளுக்குச் சமுர்த்தி வங்கிகளில் கணக்கு இருந்தது. ஏனையோருக்குப் பெயரையும் கணக்கிலக்கத்தையும் இணைக்கும் பதிவு அரசிடம் இருக்கவில்லை. கைத்தொலைபேசி வழிப் பணப்பரிமாற்றச் சேவை இலங்கையில் 2012 முதலே இருந்தும் அரசு அதைப் பயன்படுத்தவில்லை.

முடியாத காரியம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. மேற்கு ஆபிரிக்காவின் டோகோ நாடு இலங்கையைவிட வறியது. 2020 ஏப்ரலில் அங்கே, வாக்காளர் அட்டை இலக்கத்தைச் சாதாரண கைத்தொலைபேசியில் அழுத்திப் பதிந்தவர்களில் முறைசாராத் தொழில் செய்வோரைப் பிரித்தறிந்து, தொலைபேசிக் கணக்குக்கே பணம் அனுப்பினார்கள். பெண்களுக்கு மாதம் 12,250 பிராங்க், ஆண்களுக்கு 10,500 பிராங்க். அவர்களிடம் அண்மையில் புதுப்பிக்கப்பட்ட வாக்காளர் பதிவு இருந்தது, அதில் தொழிலும் குறிக்கப்பட்டிருந்தது. எங்களிடம் வயதுவந்தோரில் பெரும்பாலானோருக்குத் தேசிய அடையாள அட்டை இருந்தது. 2020 மே மாதத்தில் அதன் கடைசி இலக்கத்தை வைத்தே எந்த நாளில் யார் வெளியே போகலாம் என்றும் தீர்மானித்தார்கள். நடமாட்டத்தைக் கட்டுப்படுத்த உதவிய அந்த இலக்கம் பணம் அனுப்ப உதவாமற் போனது விந்தைதான்.

ஆயினும் கையால் கொடுத்ததில் ஒரு நன்மையும் இருந்தது. வங்கிக்குப் போக முடியாத முதியவர்களின் வாசலுக்கே உத்தியோகத்தர் வந்தார். தொற்று உச்சத்தில் இருந்தபோது முகக்கவசத்தோடு படியேறிய அந்தக் கடைநிலை உத்தியோகத்தர்கள் வசை வாங்கிய அளவுக்கு நன்றியைப் பெறவில்லை.

மாளிகாவத்தையில் நடந்த உயிரிழப்புகள் இந்தக் கொடுப்பனவின்போதா நிகழ்ந்தன?

இல்லை. 2020 மே 21 ஆம் திகதி, நோன்பு மாதத்தில், வர்த்தகர் ஒருவர் தனிப்பட்ட முறையில் பண உதவி வழங்கிய இடத்தில் நெரிசல் ஏற்பட்டு மூன்று பெண்கள் உயிரிழந்தனர். அரச கொடுப்பனவுக்கும் அதற்கும் நேரடித் தொடர்பு இல்லை. என்றாலும், ஊரடங்கின் இரண்டு மாதங்களுக்குப் பின் கொழும்பின் நடுவில் சிறிதளவு பணத்துக்காக அவ்வளவு பேர் திரண்டார்கள் என்பது, பட்டியல்களின் போதாமைக்கு எந்த ஆய்வறிக்கையையும்விடக் கொடிய சான்று. தமிழ்நாட்டில் அரிசி பெறும் குடும்ப அட்டைகளுக்கு 2020 ஏப்ரலில் 1,000 ரூபாயும், 2021 மே, ஜூன் மாதங்களில் 2,000 வீதம் இருமுறையும் நியாய விலைக் கடைகள் வழியாக வழங்கப்பட்டபோது, எந்த நாளில் எந்த நேரத்தில் வர வேண்டும் என்று குறித்த டோக்கனை முன்கூட்டியே வீடு தோறும் கொடுத்தார்கள். கூட்டம் சேராமல் பணம் கொடுக்க வேறு பெரிய தொழில்நுட்பம் ஒன்றும் தேவையில்லை.

வசதியுள்ளவர், இல்லாதவர் என்று பாராமல் எல்லோருக்கும் கொடுப்பது எளிதல்லவா?

எளிது, செலவு அதிகம். தமிழ்நாட்டில் ஏறத்தாழ 2.07 கோடி அட்டைகளுக்கு வழங்க முடிந்ததற்கு, பெரும்பாலான குடும்பங்களையும் உள்ளடக்கிய அட்டை முறை ஏற்கெனவே இருந்ததே காரணம். இலங்கையில் அத்தகைய பொது அட்டை இல்லை. எல்லோருக்கும் கொடுக்கும் அளவுக்கு அரச வருமானமும் இருக்கவில்லை. 2019 இறுதியில் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாகக் குறைக்கப்பட்டு, வேறு வரிகளும் நீக்கப்பட்டிருந்தன. கொடுக்க வேண்டிய வேளை வந்தபோது பெட்டி இலேசாக இருந்தது.

எமது எண்ணத்தில், அவசரகாலத்தின் முதல் மாதத்தில் மட்டுமாவது குறிப்பிட்ட பகுதிகளுக்குள் வடிகட்டாமல் கொடுப்பதே அறிவுடைமை. முகத்துவாரத்தின் ஒரு தோட்டத்தில் யார் வறியவர் என்று மூன்று வாரம் விசாரித்துக் கண்டுபிடிப்பதற்குள், விசாரணைக்கு உட்பட்டவர் நகையை அடகு வைத்திருப்பார்.

நான் தனியார் நிறுவன ஊழியர். சம்பளம் நின்றும் கொடுப்பனவு மறுக்கப்பட்டது ஏன்?

அரச ஊழியர், ஓய்வூதியர், நிரந்தர மாதச் சம்பளம் பெறுவோர் பொதுவாக விலக்கப்பட்டார்கள். சம்பளப் பட்டியலில் பெயர் இருப்பதற்கும் சம்பளம் உண்மையில் கிடைப்பதற்கும் இடையிலான வேறுபாட்டை அந்த விதி கணக்கிலெடுக்கவில்லை. நிறுவனம் சம்பளத்தை நிறுத்தியிருந்தால் அதை உறுதிப்படுத்தும் கடிதத்தைக் கேட்டுப் பெறுவது, அடுத்த முறை மேன்முறையீட்டுக்கு உதவும்.

இப்போது அஸ்வெசும பெறுகிறேன். அடுத்த அவசரகாலத்தில் எனக்குத் தானாகவே கிடைக்குமா?

2023 ஜூலையில் சமுர்த்திக் கொடுப்பனவின் இடத்துக்கு அஸ்வெசும வந்தது. 2002 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டத்தின்கீழ் அமைந்த நலன்புரி நன்மைகள் சபை இதனை நடத்துகிறது. தொடங்கியபோது நால்வகைக் குடும்பங்களுக்கு மாதம் 2,500, 5,000, 8,500, 15,000 ரூபாய் என நிர்ணயிக்கப்பட்டு, பணம் வங்கிக் கணக்குக்கே செல்லும்படி ஏற்பாடாயிற்று. ஆகவே, அரசு மேலதிகத் தொகை ஒன்றை அறிவித்தால் உங்களுக்கு அது விரைவாக வர வாய்ப்பு அதிகம்.

ஆனால் பட்டியலுக்கு வெளியே இருப்பவரின் நிலை இதனால் மாறிவிடவில்லை. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்து, வீட்டு நிலை, குடும்ப அமைப்பு என ஆறு பிரிவுகளில் 22 குறிகாட்டிகளைக் கொண்டு குடும்பங்களை அஸ்வெசும தரப்படுத்துகிறது. நீண்ட கால வறுமையை அளக்க இது முன்னைய முறையைவிட மேலானது என்றே சொல்ல வேண்டும். திடீரென வருமானம் அறுவதை அது அளக்காது. சொந்த முச்சக்கரவண்டியும், கல் வீடும், மின் இணைப்பும் உள்ள சாரதி இக்கணக்கில் வசதியானவர். வாகனத்துக்கு லீசிங் தவணை நிலுவை என்பதும், ஊரடங்கில் ஒரு பயணம்கூட இல்லை என்பதும் அக்கணக்குக்குள் வராது. அஸ்வெசுமவுக்கு விண்ணப்பித்து நிராகரிக்கப்பட்டிருந்தாலும் அந்த விண்ணப்ப இலக்கத்தை வைத்திருங்கள்: 2020 இல் காத்திருப்போர் பட்டியலில் பெயர் இருந்தவர்கள், எங்குமே பெயர் இல்லாதவர்களைவிட முன்னதாகப் பெற்றார்கள்.

தகுதியிருந்தும் மறுத்தால் என்ன செய்யலாம்?

முதலில் காரணத்தை எழுத்தில் கேளுங்கள். வாய்மொழி மறுப்புக்கு மேன்முறையீடு செய்ய எதுவும் இல்லை. அடுத்து, பிரதேச செயலாளருக்குப் பதிவுத் தபாலில் மேன்முறையீடு அனுப்புங்கள். அதற்கும் பதில் இல்லையெனில், 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் பயன்படும். எந்தச் சுற்றறிக்கையின்கீழ் கொடுக்கப்பட்டது, உங்கள் பிரிவில் எத்தனை குடும்பங்கள் பெற்றன, உங்கள் விண்ணப்பம் எக்காரணத்தால் நிராகரிக்கப்பட்டது என மூன்று கேள்விகளை மட்டும் தெளிவாகக் கேளுங்கள். தகவல் அலுவலர் 14 வேலை நாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்க வேண்டும். மறுத்தால் குறித்தளிக்கப்பட்ட அலுவலரிடமும், பின்னர் தகவல் அறியும் உரிமை ஆணைக்குழுவிடமும் மேன்முறையீடு செய்யலாம். இன, மத, அரசியல் காரணத்தால் பாகுபாடு காட்டப்பட்டதாகக் கருதினால் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறையிடலாம். இவை மெதுவான வழிகள் என்பதை மறைக்கத் தேவையில்லை. ஆனால் ஒரு பிரிவிலிருந்து பத்துப் பேர் இவ்வாறு எழுத்தில் கேட்டால், அடுத்த பட்டியல் தயாராகும்போது அந்தப் பிரிவில் கூடுதல் கவனம் இருக்கும்.

தமிழில் விண்ணப்பம் எழுதலாமா? படிவம் சிங்களத்தில் மட்டுமே தந்தார்கள்.

தாராளமாக எழுதலாம். சிங்களம் நிருவாக மொழியாக உள்ள பகுதியிலும் அரச அலுவலருடன் தமிழில் தொடர்புகொள்ளவும், பதில் பெறவும் அரசியலமைப்பின் நான்காம் அத்தியாயத்திலுள்ள 22 ஆம் உறுப்புரை உரிமை அளிக்கிறது. 2020 இல் பலரும் விளங்காத படிவத்தில் கையொப்பமிட்டார்கள். பசிக்கும் வேளையில் மொழியுரிமை பேச எவருக்கும் மனம் வராதுதான். தமிழ்ப் படிவம் இல்லையென்றால் படிவத்தின் மேற்புறத்தில் “தமிழ்ப் படிவம் கோரினேன், கிடைக்கவில்லை” என ஒரு வரி எழுதிவிட்டு நிரப்புங்கள். பிள்ளைகளைக்கொண்டு நிரப்புவோர், பெயரின் சிங்கள எழுத்துக்கூட்டல் அடையாள அட்டையில் உள்ளதோடு ஒத்திருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளவும்; ஓர் எழுத்து மாறியதால் பணம் நின்றுபோவதுண்டு.

அரசியல்வாதி ஒருவர் கையால் பணம் தரப்பட்டால் வாங்கலாமா?

வாங்கலாம், பணம் அரசினது, அவருடையதன்று. முதல் இரு கொடுப்பனவுகளும் தேர்தலுக்கு முந்திய மாதங்களில் வழங்கப்பட்டதால், கட்சிக்காரர்கள் உடன் நின்று கொடுப்பது பற்றி அப்போதே எதிர்ப்பு எழுந்தது. உங்கள் வாக்கைப் பற்றி எவருக்கும் எந்த உறுதியும் அளிக்க வேண்டியதில்லை.

பெயரைச் சேர்க்கவோ பணத்தைப் பெறவோ கட்டணம் உண்டா?

இல்லை. படிவத்துக்கு, பிரதிக்கு, “மேலிடத்துக்கு” என்று எவர் கேட்டாலும் கொடுக்காதீர்கள். கொடுப்பனவு வந்துள்ளதாகக் கூறித் தொலைபேசியில் வங்கிக் கணக்கிலக்கத்தையும் இரகசிய இலக்கத்தையும் கேட்போருக்கும் இதே பதில்தான்.

பணத்தைப் பெறும்போது எதைக் கவனிக்க வேண்டும்?

கையொப்பத் தாளில் உங்கள் பெயருக்கு எதிரே எழுதப்பட்டுள்ள தொகையைப் படித்து, பணத்தை எண்ணிய பின்னரே ஒப்பமிடுங்கள். தொகைக்குரிய இடம் வெறுமையாக இருந்தால் அதை நிரப்பித் தரச் சொல்லுங்கள். வீட்டிலுள்ள முதியவருக்கோ மாற்றுத்திறனாளிக்கோ தனியே ஒரு கொடுப்பனவு உரியதாக இருந்தால், குடும்பக் கொடுப்பனவோடு அது கலக்கப்பட்டுவிட்டதா என்பதை அதே இடத்தில் கேளுங்கள். உத்தியோகத்தர் அடுத்த மாடிக்கு ஏறிய பின் அதைத் திருத்துவது கடினம்.